பட்டதெல்லாம் அறிவாகிவிடுமா?

வாசகி ஒருவரின் கடிதம்: "எனக்கு 61 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 35 வயதில், நெருங்கிய தோழியுடன் கூட்டுச் சேர்ந்து ஒரு தையலகம் தொடங்கினேன். இரண்டே ஆண்டுகளில் சேமிப்பும் போயிற்று, நட்பும் போயிற்று. நம்பி மோசம் போனேன். இப்போது 31 வயதான என் மகள், இருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கல்லூரித் தோழியுடன் சேர்ந்து வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப் போகிறாள். நடக்கப் போவது எனக்குக் கண்முன் தெரிகிறது. சொன்னால், 'உங்கள் காலம் வேறு அம்மா' என்கிறாள். வயதானால் விவேகம் வரும் என்கிறார்கள். எனக்கு வந்திருப்பது விவேகமா, வெறும் பயமா? வருவதை முன்கூட்டியே உணரும் தெளிவை இந்த வயதிலாவது வளர்த்துக்கொள்ள முடியுமா? பின்குறிப்பு: தையலகம் தொடங்கிய மூன்றாம் மாதமே கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கூச்சமாக இருந்ததால் கேட்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை."

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் இரண்டு முறையும் மகளைப் பற்றிய உங்கள் கவலைதான் மனத்தில் பட்டது. மூன்றாவது முறை பின்குறிப்பைத் தாண்டிப் போக முடியவில்லை. நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு கேள்விகளுக்குமான விடையின் பெரும்பகுதி, போகிற போக்கில் எழுதியதைப் போலக் கடைசியில் சேர்த்திருக்கும் அந்த நாலு வரிகளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு வருவதற்கு முன், வயதுக்கும் விவேகத்துக்கும் உள்ள உறவைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அனுபவத்துக்குத் தமிழில் பட்டறிவு என்றொரு சொல் உண்டு. படுவதும் அறிவதும் அந்தச் சொல்லில் சேர்ந்தே இருப்பதால், பட்டவுடன் அறிவு வந்துவிடும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆலோசகராக இருபது ஆண்டுகளுக்கு மேல் மனிதர்களின் கதைகளைக் கேட்டு வரும் நான், இவை இரண்டும் வேறு வேறு காலத்தில் நடப்பதையும், பலருக்கு இரண்டாவது நடக்காமலே போய்விடுவதையும் பார்த்திருக்கிறேன். படுவதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆண்டுகள் கழிந்தால் போதும். அறிவதற்கோ, பட்டதை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, விரும்பாவிட்டாலும் அதன் முழு உருவத்தைப் பார்க்க வேண்டும். அந்த வேலையை வயது நமக்காகச் செய்து தருவதில்லை.

வயது சிலவற்றைத் தரத்தான் செய்கிறது என்பதையும் மறுக்க முடியாது. 1963ஆம் ஆண்டில் உளவியலாளர் ரேமண்ட் கேட்டல், அறிவுத்திறனை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். பழக்கமில்லாத சிக்கலை விரைவாக அவிழ்க்கும் திறன் ஒன்று; அது இளமையிலேயே உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லக் குறைகிறது. கற்றும் பழகியும் சேர்த்துக்கொண்ட அறிவு மற்றொன்று; அது நடுவயதைக் கடந்தும் வளரக்கூடியது, முதுமையிலும் பெரும்பாலும் நிலைத்து நிற்பது. உங்கள் மகள் ஒரு புதிய மென்பொருளை ஒரே மாலையில் கற்றுக்கொள்வதும், நீங்கள் ஒரு வரவுசெலவுத் தாளைப் பார்த்தவுடன் எங்கோ இடிக்கிறது என்று உணர்வதும் இந்த இரண்டு வகைகளையும் சேர்ந்தவை.

ஆனால் சேர்ந்திருக்கும் அறிவும் விவேகமும் ஒன்றல்ல. பெர்லின் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மனித மேம்பாட்டு ஆய்வு நிறுவனத்தில் பால் பால்டஸ், ஊர்சுலா ஸ்டௌடிங்கர் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும், விவேகத்தை அளந்து பார்க்க முடியுமா என்ற துணிச்சலான கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி உடனே திருமணம் செய்துகொள்ள விரும்புகிறாள், இதில் எவற்றையெல்லாம் கருத வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பது போன்ற சிக்கல்களைக் கொடுத்து, பங்கேற்பவர்களை வாய்விட்டுச் சிந்திக்கச் சொன்னார்கள். "கூடவே கூடாது, இது என்ன வயது?" என்று உடனே தீர்ப்புச் சொன்னவர்களுக்குக் குறைந்த மதிப்பெண்ணே கிடைத்தது. அந்தப் பெண்ணின் சூழல் என்ன, அவளுக்கு யாருமே இல்லையா, தீராத நோய் ஏதும் உண்டா, அவள் வாழும் சமூகத்தில் எது வழக்கம், அவளுடன் உட்கார்ந்து எப்படிப் பேசுவது என்றெல்லாம் கேட்டு, தமக்குத் தெரியாதவை இருக்கின்றன என்பதையும் கணக்கில் கொண்டவர்களுக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது. பதின்ம வயதிலிருந்து ஏறக்குறைய 25 வயது வரை இந்தத் திறன் வளர்வதையும், அதன்பின் ஏறத்தாழ 75 வயது வரை வயது கூடுவதால் மட்டும் அது கூடுவதில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். அந்த நீண்ட இடைவெளியில் உயர்ந்தவர்கள் உண்டு; ஆனால் அவர்களை உயர்த்தியது ஆண்டுகளின் எண்ணிக்கை அன்று.

தொழில் அனுபவத்துக்கும் இது பொருந்துகிறது. மருத்துவர்களின் பணிக்காலத்தையும் சிகிச்சையின் தரத்தையும் ஒப்பிட்ட 62 மதிப்பீடுகளைத் தொகுத்து 2005ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. பணியாண்டுகள் கூடக்கூடத் தரம் உயர்ந்திருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். பாதிக்கும் சற்று அதிகமான மதிப்பீடுகள் அதற்கு நேர்மாறாகக் காட்டின. மூத்த மருத்துவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. புதியதைக் கற்பதும் தன் முடிவுகளின் விளைவைத் திரும்பிப் பார்ப்பதும் நின்றுபோனால், முப்பது ஆண்டு அனுபவமும் ஓராண்டு அனுபவத்தை முப்பது முறை செய்ததாகிவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். என் தொழிலிலும் இதுவே நிலை.

அப்படியானால் முன்கூட்டி உணர்தல் என்பதே பொய்யா? இல்லை. அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன், 1980களில் தீயணைப்புப் படைத் தலைவர்களைச் சந்தித்து அவர்கள் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்ந்தவர். அவர் பதிவுசெய்த ஒரு நிகழ்ச்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. ஒரு சிறிய வீட்டின் பின்புறச் சமையலறையில் தீ. குழு உள்ளே சென்று தண்ணீரைப் பீய்ச்சுகிறது, தீ அடங்கவில்லை. மீண்டும் பீய்ச்சுகிறார்கள்; பலன் இல்லை. கூடத்தில் நின்றிருந்த தலைவருக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது. காரணம் அவருக்கே விளங்கவில்லை. ஆனாலும் எல்லோரையும் உடனே வெளியேறச் சொல்கிறார். அவர்கள் வெளியே வந்த சிறிது நேரத்தில், அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து கீழே விழுகிறது. நெருப்பு நிலவறையில், அவர்களுடைய காலுக்கு நேர் கீழே எரிந்துகொண்டிருந்தது. தனக்கு ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாகவே அந்தத் தலைவர் நம்பினார். கிளைன் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு அதன் காரணத்தை வெளியே கொண்டுவந்தார்: சமையலறைத் தீக்குக் கூடம் அவ்வளவு சுட்டிருக்கக் கூடாது, அவ்வளவு சூட்டுக்குத் தீயின் சத்தம் அத்தனை குறைவாக இருந்திருக்கக் கூடாது, தண்ணீருக்குத் தீ பணிந்திருக்க வேண்டும். எத்தனையோ தீயைப் பார்த்த அவருடைய உடம்பு, இது வழக்கமான தீ அன்று என்பதை, மனம் சொல்லாக்குவதற்கு முன்பே கண்டுகொண்டது.

இத்தகைய உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதில், அதை மதித்த கிளைனும் அதைச் சந்தேகித்த உளவியலாளர் டேனியல் கானமனும் 2009ஆம் ஆண்டில் சேர்ந்தெழுதிய கட்டுரையில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு துறையில் நிகழ்பவை ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும். அந்த ஒழுங்கைக் கற்கும் அளவுக்கு நெடுநாள் பழக்கமும், நம் கணிப்பு சரியா தவறா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் கிடைத்திருக்க வேண்டும். இவை இல்லாத இடத்திலும் உள்ளுணர்வு எழும், அதே அளவு உறுதியாகவும் எழும். ஆனால் அந்த உறுதிக்கு மதிப்பில்லை.

இந்த அளவுகோலை உங்கள் வாழ்க்கையின் மேல் வைத்துப் பாருங்கள். கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு மாதமும் கணக்கை முடித்திருக்கிறீர்கள். இந்தப் பாக்கி வராது, இந்தச் செலவு மீறும் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்தது சரியா என்பது சில வாரங்களிலேயே தாளில் தெரிந்திருக்கும். அங்கே உங்களுக்கு வாய்த்திருப்பது உண்மையான முன்னறிவு, அதை ஐயமில்லாமல் நம்பலாம். கூட்டுத் தொழிலைப் பொறுத்தவரை நீங்கள் உள்ளிருந்து பார்த்தது ஒன்றே ஒன்று. அதுவும் காயத்தோடு முடிந்தது. ஒரே ஒரு தீயைப் பார்த்தவர் அடுத்த தீயைப் பற்றிச் சொல்லக்கூடியது மிகக் குறைவு. எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை, உங்களிடம் இரண்டும் இருக்கின்றன என்பதுதான். விவேகம் கணக்கில் இருக்கிறது, பயம் தோழமையின் மேல் படிந்திருக்கிறது. மகளிடம் பேசும்போது முன்னதன் குரலைப் பின்னது எடுத்துக்கொள்கிறது.

இனிப் பின்குறிப்புக்கு வருகிறேன். "நம்பி மோசம் போனேன்" என்ற ஒரே வரியில் இரண்டு ஆண்டுக் கதையை நீங்கள் முடித்துவிட்டீர்கள். இருபத்துநான்கு ஆண்டுகளாக அந்த வரி அப்படியே இருந்திருக்கிறது என்று ஊகிக்கிறேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். அதன்பின் அது அடுப்பு அணைந்திருக்கும்போதும் அந்தப் பக்கம் போவதில்லை. நண்பர்களுடன் தொழில் செய்யக் கூடாது என்ற பாடத்தை நீங்கள் அந்த நிகழ்ச்சியிலிருந்து எடுத்துக்கொண்டீர்கள். பின்குறிப்பு சொல்வது வேறு. கணக்கே தொழிலாகக் கொண்ட ஒரு பெண், மூன்றாம் மாதத்திலேயே நோட்டைப் பார்க்க வேண்டும் என்று உணர்ந்தும், தோழியிடம் கேட்டால் சந்தேகப்படுவதாகிவிடுமே என்று கூசி நின்றுவிட்டாள். உங்களுக்கு முன்னறிவு அப்போதே இருந்தது, அம்மா. இல்லாமல் போனது, கேட்பதைக் கூச்சமில்லாததாக ஆக்கிவைக்கும் ஓர் ஏற்பாடு. மாதம் பிறந்தால் இருவரும் உட்கார்ந்து நோட்டைப் பார்ப்போம் என்று முதல் நாளே எழுதிவைத்திருந்தால், மூன்றாம் மாதத்தில் உங்களுக்குத் துணிவு தேவைப்பட்டிருக்காது. தோழி ஏமாற்றினாரா, அவருக்கே கணக்குப் பிடிபடவில்லையா என்பதுகூட அப்போது தெரிந்திருக்கும். இப்போது அது உங்களுக்குத் தெரியுமா என்று எனக்கு உறுதியில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நடந்து முடிந்த பிறகு, அது நடக்கும் என்று முன்பே தெரியும் எனத் தோன்றுவது எல்லா மனத்துக்கும் இயல்பு. அமெரிக்க அதிபர் நிக்சன் 1972ஆம் ஆண்டில் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் பயணம் மேற்கொள்வதற்கு முன்பு, அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்கக்கூடும் என்று மாணவர்களிடம் கணிப்புக் கேட்டுவைத்தார்கள், உளவியலாளர்களான பாரூக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பேத்தும். பிறகு, தாம் என்ன கணித்தோம் என்பதை நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது, உண்மையில் நடந்தவற்றுக்குத் தாம் கொடுத்த வாய்ப்பு அதிகமாக இருந்ததாகவே மாணவர்கள் நினைவுகூர்ந்தார்கள். எவரும் பொய் சொல்லவில்லை. முடிவு தெரிந்ததும் நினைவு தன்னைத் திருத்திக்கொண்டது. உங்கள் மூன்றாம் மாத நினைவிலும் அத்தகைய திருத்தம் ஓரளவு கலந்திருக்கலாம். ஆனால் நீங்கள் நினைவில் வைத்திருப்பது உங்களுக்குப் பெருமை தரும் ஒன்றை அன்று; வெளியே சொல்லக் கூசிய ஒன்றை. ஆகவே அதற்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன்.

இதற்கு எழுத்தைத் தவிர வேறு மருந்தை நான் அறியேன். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஆலோசனைக்கு வருபவர்களின் விஷயத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தோன்றுவதை, அவர்களை அடையாளம் காட்டும் எதையும் குறிக்காமல், இடப்பக்கத்தில் தேதியுடன் எழுதிவைப்பேன்; நடந்தது தெரியவரும்போது வலப்பக்கத்தில் எழுதுவேன். தொடங்கிய சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாலையில் இரு பக்கங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தபோது, ஓர் உண்மை என் முகத்தில் அறைந்தது. என் அறையில் குரலை உயர்த்திச் சண்டையிட்ட கணவன் மனைவியரைப் பற்றி "சேர்ந்திருக்க மாட்டார்கள்" என்று மீண்டும் மீண்டும் எழுதியிருந்தேன். அவர்களில் பலர் சேர்ந்தே இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அமைதியாகத் தலையசைத்தவர்களைப் பற்றி "கவலையில்லை" என்று எழுதியிருந்தேன். அங்கேதான் வலப்பக்கம் என்னைப் பொய்யாக்கியிருந்தது. சத்தத்தைக் கண்டு அஞ்சும் வழக்கம் என் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது, தொழிலிலிருந்து வந்ததன்று. நோட்டு இல்லாமல் இருந்திருந்தால், பல ஆண்டுப் பழக்கம் எனக்குக் கற்றுத்தந்தது என்று நம்பியே அந்தத் தவறைத் தொடர்ந்திருப்பேன். அதன்பின் அமைதியாக இருப்பவர்களிடம் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதுவே பெரும்பாலும் விடை: ஆம், வளர்த்துக்கொள்ள முடியும், 61 வயது அதற்குத் தடையில்லை. வருவதை எழுதிவைப்பது ஒரு வழி. தன் விஷயத்திலிருந்து சற்று விலகி நின்று பார்ப்பது இன்னொரு வழி. விவேகத்துக்குப் பெயர்போன, விவிலியத்தில் வரும் சாலமோன் மன்னரைத் தேடி எல்லோரும் தீர்ப்புக் கேட்டு வந்தார்கள், தன் குடும்ப விஷயத்தில் அவர் தடுமாறினார் என்பதை வைத்து, உளவியலாளர்கள் இகோர் கிராஸ்மனும் ஈதன் கிராஸும் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்குச் சாலமோனின் பெயரையே கொடுத்தார்கள். துணைவர் துரோகம் செய்துவிட்டார் என்ற அதே சிக்கலைத் தனக்கு நேர்ந்ததாக எண்ணிப் பார்த்தவர்களைவிட, நண்பருக்கு நேர்ந்ததாக எண்ணிப் பார்த்தவர்கள் தெளிவாகச் சிந்தித்தார்கள். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்களைப் போலவே, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இருந்தவர்களும் தம் விஷயத்தில் இப்படித் தடுமாறினார்கள். தம்மையே வேறொருவராகப் பாவித்துச் சிந்திக்கச் சொன்னபோது அந்த வேறுபாடு மறைந்தது. அன்றாட நிகழ்ச்சிகளைப் படர்க்கையில் எழுதும் நாட்குறிப்பை நான்கு வாரங்கள் எழுதியவர்களிடம் தெளிவு கூடியதையும் கிராஸ்மன் குழுவினர் பிறகு கண்டார்கள்.

ஆகவே தையலகத்தின் கதையை நீங்கள் ஒரு முறை முழுமையாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "நான்" என்று எழுதாமல் "அவள்" என்று எழுதுங்கள். அவளுக்கு அப்போது 35 வயது. பகலில் அலுவலகம், மாலையில் தையலகம். அவள் எந்த நாளில் எதைக் கவனித்தாள், கவனித்ததும் என்ன செய்தாள், செய்யாமல் விட்டதற்கு என்ன காரணம் சொல்லிக்கொண்டாள். தோழியின் பக்கத்து நியாயத்துக்கும் ஒரு பத்தி கொடுங்கள். எழுதி முடித்ததும் நீங்கள் மதிக்கும் ஒருவரிடம் அதைப் பற்றிப் பேசுங்கள், பேசிவிட்டுத் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள். பெர்லின் ஆய்வாளர்கள் விவேகத்தை உயர்த்தியதாகக் கண்ட மிக எளிய வழி, நெருங்கியவருடன் பேசிய பின் தனிமையில் சிந்திப்பதுதான். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், அவர் இருந்தால் என்ன சொல்வார் என்று மனத்துக்குள் பேசிப் பார்ப்பதும் பலன் தந்திருக்கிறது.

மகளிடம் பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். "உங்கள் காலம் வேறு" என்று அவர் சொல்வதில் பாதி உண்மை. வடிவமைப்புத் தொழிலுக்கு யார் வாடிக்கையாளர், எப்படி வேலை பிடிப்பது, எதற்கு மதிப்பிருக்கிறது என்பவற்றில் அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. அங்கே கருத்துச் சொல்லாமல் இருப்பதே நல்லது. செலவு முன்னால் போகும், வரவு பின்னால் வரும், இரண்டுக்கும் நடுவில் உள்ள மாதங்களைத் தாங்கப் பணம் வேண்டும் என்பது எந்தக் காலத்திலும் மாறவில்லை. நெருங்கியவரிடம் பணத்தைப் பற்றிக் கேட்க நாக்கு எழாது என்பதும் மாறவில்லை. இந்த இரண்டைப் பற்றி மட்டும் பேசுங்கள். "இது உருப்படாது" என்ற தீர்ப்பை எதிர்த்து நிற்பது அவருக்கு எளிது. "மூன்றாம் மாதம் எனக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, கூச்சத்தால் கேட்கவில்லை" என்று தாய் முதன்முறையாகச் சொல்வதைக் கேட்டு எந்த மகளும் அப்படி எதிர்த்து நிற்க மாட்டார். உங்கள் தவறையும் உள்ளடக்கிய கதையைத்தான் அவரால் பயன்படுத்திக்கொள்ள முடியும். தோழி ஏமாற்றிய கதையில் அவருக்கான இடம் இல்லை, ஏனென்றால் தன் தோழி அப்படிப்பட்டவர் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அவர் இடம் கொடுத்தால், கிளைன் 2007ஆம் ஆண்டில் எழுதிப் பரவலாக்கிய ஒரு பயிற்சியையும் சொல்லுங்கள். இரு தோழியரும் உட்கார்ந்து, இரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன, நிறுவனம் மூடப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் மூடப்பட்டது என்பதற்கான காரணங்களை ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எழுத வேண்டும். பிறகு மாற்றிப் படிக்க வேண்டும். "தோற்றுவிடுமோ?" என்று கேட்டால் ஊக்கம் குறைவதாகத் தோன்றி இருவரும் மறுப்பார்கள், தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டால், மனத்தில் ஒளித்துவைத்த ஐயங்களைச் சொல்வதற்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. அந்தத் தாள்களிலிருந்து பிறப்பவைதான் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை: மாதக் கணக்கை எந்த நாளில் பார்ப்பது, யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது, ஒருவர் விலக விரும்பினால் எப்படிப் பிரிவது. ஒப்பந்த வாசகத்தை வழக்கறிஞர் ஒருவர் பார்க்கட்டும். முதல் ஆண்டின் வரவுசெலவு மதிப்பீட்டைப் பார்த்துத் தரும்படி மகளே உங்களைக் கேட்டால், தாயாக இல்லாமல், முப்பது ஆண்டு கணக்குப் பார்த்தவராக அதைப் பாருங்கள்.

இவ்வளவையும் செய்த பிறகும் அவர் தொடங்குவார் என்றே நினைக்கிறேன். தொடங்குவது அவருடைய உரிமை. அதற்கு முன், இந்த வாரத்துக்குள், ஒரு தாளில் தேதியைப் போட்டு, ஓராண்டுக்குள் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதையும், அதற்கான காரணத்தையும், நூற்றுக்கு எத்தனை பங்கு உறுதி என்பதையும் எழுதி உறையில் இட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்த ஆண்டு இதே தேதியில் பிரியுங்கள். நீங்கள் எழுதியது நடந்திருந்தாலும் சரி, நடக்காமல் போயிருந்தாலும் சரி, காரணமாக எழுதிய வரியை முதலில் படியுங்கள். அது சரியாக இருந்ததா என்று எனக்கும் எழுதுங்கள். அந்தத் தாளை மகளிடம் காட்டுவதா வேண்டாமா என்பதை அன்றைக்கு முடிவு செய்துகொள்ளலாம்.